பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் உலகமும் எமது ஊரும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எமது ஆலய அறநெறி வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆலய வரலாறு சொல்லிக் கொண்டிருந்தேன். அடியார்கள் யாவரும் அறிந்த கதைதான். போர்த்துக்கேயர் கோவில்களை இடித்த காலத்தில் எமது முன்னோர் பிள்ளையாரை இரவோடிரவாகத் தூக்கிச் சென்று வடக்கு வளவுக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தார்கள். ஒல்லாந்தர் காலத்துக் கடைசியில் அந்தக் கிணற்றைக் கலக்கி இறைத்தபோது விக்கிரகம் வெளிப்பட்டது. அந்த இடத்திலே ஓலைக்கொட்டில் போட்டு வழிபாடு தொடங்கிற்று. இதைச் சொல்லி முடித்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “ஐயா, போத்துக்கீசர் அவ்வளவு பலமாய் இருந்தவை எண்டால் பிறகேன் விட்டிட்டுப் போனவை? ஒல்லாந்தரை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?” என்று கேட்டாள்.

“சண்டை பிடிச்சு வெண்டவை பிள்ளை” என்று சொல்லிச் சமாளித்தேன். பிள்ளை இருந்துவிட்டாள். அவள் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன் நான். ஒரு கடிதம் மேசைக்கு வந்தால் அதற்கு முந்திய கடிதம் எது, அதற்கும் முந்தியது எது என்று கோவையைப் புரட்டித் தேடுவதுதான் என் உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் இந்தக் கேள்வியின் முந்திய கடிதங்களைத் தேடிப் புறப்பட்டேன். தேடத் தேட அது யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, கோவா, லிஸ்பன், அம்ஸ்ரடாம், பெய்ஜிங் என்று போய்க்கொண்டே இருந்தது. வாசித்து அறிந்தவற்றை இம்மலரில் அடியார்களுடன் பகிர்ந்து கொள்கின்றேன்.

எமது இராச்சியம் விழுந்த கதை சுருக்கமாகவே போதும். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தான். கடைசி அரசனாகிய சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் திருக்கோணேச்சரமும் அழிந்தது. அதன்பின் யாழ்ப்பாணக் கோட்டையில் போர்த்துக்கேயக் கொடி சுமார் நாற்பது வருடம் பறந்தது. இவ்வளவும் பாடப் புத்தகத்தில் உள்ளது. பாடப் புத்தகத்தில் போதிய அளவு இல்லாதது, அந்தக் கொடிக்குப் பின்னால் வேறொரு கொடி இருந்தது என்ற விடயம்.

1578இல் போர்த்துக்கல்லின் இளம் அரசன் செபஸ்தியான் மொரோக்கோவிலே போருக்குப் போய் மாண்டான். அவனுக்குப் பிள்ளை இல்லை. உறவுமுறை சொல்லிக்கொண்டு 1580இல் ஸ்பானிய அரசன் இரண்டாம் பிலிப் போர்த்துக்கல் முடியையும் எடுத்துக் கொண்டான். ஆகவே யாழ்ப்பாணம் பிடிபட்டபோது லிஸ்பனில் இருந்து ஆண்டவர் எவரும் இல்லை; மட்ரிட்டில் இருந்த ஸ்பானிய அரசனே போர்த்துக்கல்லுக்கும் அரசன். இந்த ஸ்பானிய முடிக்கு எதிராக 1568 முதல் கிளர்ச்சி செய்து போராடிக்கொண்டிருந்த ஒரு சிறு தேசம் ஒல்லாந்து. கடலை விடத் தாழ்ந்த நிலம். அணை கட்டி, தண்ணீர் இறைத்து வாழும் சனங்கள்.

ஒல்லாந்தர் அதுவரை மிளகும் கறுவாவும் வாங்கியது லிஸ்பன் சந்தையில். ஸ்பானிய அரசன் தன் துறைமுகங்களை அவர்களுக்கு அடைத்துப் பார்த்தான். கடைக்காரன் கடையை மூடினால் கொள்வனவுகாரன் தோட்டத்துக்கே போகத்தானே பார்ப்பான்? 1595இல் ஒல்லாந்தக் கப்பல்கள் முதன்முதலாகக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி உருவாயிற்று. அந்தக் கம்பனியில் பணம் போட்டவர்கள் பெரிய வணிகர்கள் மட்டுமல்ல. அம்ஸ்ரடாம் பங்குப் பதிவேட்டில் ஒரு வீட்டுப் பணிப்பெண் நூறு கில்டர் போட்டதாகப் பதிவு உண்டு. எங்கேயோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிய பெண்ணின் சேமிப்பும் எங்கள் கடலில் பீரங்கியாக வந்தது என்பதை வாசித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவளுக்கு யாழ்ப்பாணம் என்று ஒரு ஊர் இருப்பதே தெரிந்திராது.

ஒல்லாந்தரை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் யார் என்ற கேள்விக்கு நேர் விடை: கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரைத் துரத்த அவனுக்குக் கப்பற்படை தேவைப்பட்டது. 1638 மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை பிடிபட்டது. அங்கேயே உடன்படிக்கையும் எழுதப்பட்டது. இந்த உடன்படிக்கையில் என்னைப் போன்ற எழுதுவினைஞர்களுக்கு ஒரு பாடம் இருக்கின்றது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்னும் வாசகத்தில், “அரசர் விரும்பினால்” என்ற கருத்துப்படச் சில சொற்கள் அரசனிடம் இருந்த பிரதியில் இருந்தன. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அவை இல்லை. அசலையும் பிரதியையும் ஒப்புநோக்கிக் கையொப்பம் இடவேண்டும் என்று எங்களுக்கு முதல்நாளே சொல்லித் தருவார்கள். அந்தச் சில சொற்களால் ஒரு நாட்டின் கரையோரம் நூற்றைம்பது வருடம் கைமாறிப் போயிற்று. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்கள மக்கள் இன்றும் பழமொழி சொல்வது இதை வைத்துத்தான்.

1640இல் காலி விழுந்தது. அப்போது எவரும் எதிர்பாராத ஒன்று ஐரோப்பாவில் நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி லிஸ்பனில் பிரபுக்கள் எழுந்து ஸ்பானிய ஆட்சியைத் தூக்கி எறிந்து, பிரகன்சா கோமகனை நான்காம் ஜோன் என்று அரசனாக்கினார்கள். இப்போது போர்த்துக்கல்லும் ஒல்லாந்தும் ஸ்பானியாவுக்குப் பொது எதிரிகள். 1641 ஜூன் மாதம் ஹேக் நகரில் பத்தாண்டுப் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. ஐரோப்பாவில் கையைக் கொடுத்துக் கொண்டவர்கள் கிழக்கிலே கையை எடுக்க மனமில்லாமல் மேலும் மூன்று வருடம் சண்டை போட்டு, 1644 கடைசியில்தான் இலங்கையில் ஓய்ந்தார்கள். 1652இல் தவணை முடிந்ததும் மறுபடி தொடங்கினார்கள். கொழும்பு ஏறக்குறைய ஏழு மாத முற்றுகையின் பின் 1656 மே 12ஆம் திகதி விழுந்தது. கோட்டையை இராஜசிங்கனிடம் கொடுக்கவில்லை. 1658இல் றைக்லொவ் வான் கூன்ஸ் என்னும் தளபதி மன்னாரைப் பிடித்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து கோட்டையைச் சூழ்ந்தான். மூன்று மாதத்துக்கு மேலாகப் பட்டினியும் நோயும் கோட்டைக்குள் இருந்தவர்களை வாட்டின. ஜூன் மாதம் கோட்டை பணிந்தது.

ஆகவே பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை: எமது ஊரின் விதியை மொரோக்கோவில் செத்த ஒரு வாலிபனும், அடைக்கப்பட்ட ஒரு சந்தையும், ஒரு பிரதியில் விடுபட்ட சில சொற்களும் எழுதின. எமது முன்னோரைக் கேட்டவர் எவரும் இல்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த ஆண்டுகளைப் பற்றி வாசிக்கும்போது, எந்த நாட்டுப் பக்கத்தைத் திருப்பினாலும் அதே இருபது வருடத்தில் ஏதோ ஒரு சிம்மாசனம் சரிந்து கிடப்பதை அவதானித்தேன். வரலாற்றாசிரியர்கள் இதற்குப் ‘பதினேழாம் நூற்றாண்டின் பொது நெருக்கடி’ என்று பெயர் வைத்திருக்கின்றார்கள்.

சீனாவை எடுத்துக் கொள்வோம். அங்கே மிங் வமிசத்தின் திறைசேரி காலியாகிக் கொண்டிருந்தது. வடக்கே மஞ்சூரியரோடு ஓயாத போர். உள்ளே வருடக்கணக்கான வரட்சி. செலவைக் குறைக்க வேண்டுமென்று 1629இல் அரசாங்கத் தபால் நிலையங்களைக் குறைத்தார்கள். குதிரை மாற்றும் தங்குமிடங்கள் அவை. அப்படி வேலை இழந்தவர்களில் ஒருவன் ஷான்சி மாகாணத்தைச் சேர்ந்த லீ சூசெங். வேலையும் இல்லை, வயலில் விளைவும் இல்லை, கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தான். பதினைந்து வருடத்தின் பின் 1644 ஏப்ரல் மாதம் பெரும்படையோடு பெய்ஜிங் நகருக்குள் நுழைந்தான். சொங்சென் சக்கரவர்த்தி அரண்மனைக்குப் பின்னால் உள்ள குன்றுக்குப் போய்த் தூக்கிட்டுக் கொண்டான். 276 வருடம் ஆண்ட வமிசம் முடிந்தது. ஆட்குறைப்புச் சுற்றுநிருபம் ஒன்றில் மேலதிகாரி ஒப்பமிடும்போது கீழே யாருடைய பெயர் இருக்கிறதென்று பார்ப்பதில்லை. மிச்சம் பிடித்த காசு எவ்வளவென்று யாராவது கணக்குப் பார்த்தார்களோ தெரியாது.

லீ சூசெங்கும் நிலைக்கவில்லை. ஆறு கிழமைக்குள் மஞ்சூரியர் வந்து அவனைத் துரத்திவிட்டு நகரைப் பிடித்தார்கள். அவர்கள் அமைத்த சிங் வமிசம் 1912 வரை ஆண்டது. 1645இல் ஆண்கள் எல்லாரும் தலையின் முன்பக்கம் மழித்துப் பின்னால் சடை விடவேண்டும் என்று கட்டளை பிறந்தது. மறுத்தவர்களுக்கு மரண தண்டனை. ஆட்சி மாறும்போது அது சனங்களின் தலைமயிர் வரைக்கும் வந்துவிடுகிறது.

இங்கிலாந்திலே வேறு விதமாக நடந்தது. முதலாம் சார்ள்ஸ் அரசன் பாராளுமன்றத்தைக் கேட்காமலே வரி அறவிட்டான். 1642இல் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசன் தோற்றுச் சிறைப்பட்டான். அதுவரை உலகத்தில் அரசர்கள் போரில் இறந்ததுண்டு, சதியில் இறந்ததுண்டு. தன் குடிகள் அமைத்த நீதிமன்றத்திலே குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டு நின்றது புதுமை. மரண ஓலையில் 59 பேர் கையொப்பம் இட்டார்கள். 1649 ஜனவரி 30ஆம் திகதி லண்டனில் சனங்கள் பார்த்திருக்க அவன் தலை வெட்டப்பட்டது. கடும் குளிர் நாள். குளிரில் உடம்பு நடுங்கினால் பயத்தில் நடுங்குவதாக நினைப்பார்கள் என்று அன்று காலை இரண்டு சட்டை போட்டுக் கொண்டு போனானாம். பதினொரு வருடம் அரசன் இல்லாமல் நாடு நடந்தது. 1660இல் அவன் மகன் இரண்டாம் சார்ள்ஸை மறுபடி கூப்பிட்டு அரசனாக்கினார்கள். ஆனாலும் அரசனைக் கேள்வி கேட்கலாம் என்று ஒருமுறை கண்ட சனங்கள் அதை மறக்கவில்லை.

நாப்போலியில் 1647இல் பழத்துக்கு வரி போட்டதற்காக மசனியெல்லோ என்னும் ஒரு மீன்காரன் நகரத்தையே கிளப்பினான். பத்து நாளில் கொல்லப்பட்டான். 1648இல் மொஸ்கோவில் உப்பு வரியால் கலகம். அதே வருடம் பாரிஸ் நகரத் தெருக்களில் தடுப்புகள் கட்டினார்கள். அரசன் பதினாலாம் லூயி அப்போது பத்து வயதுப் பையன். அதே 1648இல் துருக்கிச் சுல்தான் இப்ராஹிம் இறக்கப்பட்டுக் கொல்லப்பட்டு, ஆறு வயது மகன் அமர்த்தப்பட்டான். உக்ரேனிலும் அவ்வருடம் கொசக்குகள் போலந்துக்கு எதிராக எழுந்தார்கள்.

1648க்கு இன்னொரு முக்கியமும் உண்டு. ஜேர்மன் நாடுகளைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போர் அவ்வருடம் ஒக்டோபர் 24ஆம் திகதி வெஸ்ற்பாலியா உடன்படிக்கைகளோடு முடிந்தது. 1618இல் கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்தாந்தருக்கும் இடையில் தொடங்கிய போர், பின்னர் அரசுகளின் போராகி, ஐரோப்பா முழுவதையும் இழுத்தது. போர், கொள்ளைநோய், பட்டினி எல்லாமாக நாற்பத்தைந்து இலட்சம் முதல் எண்பது இலட்சம் பேர் வரை மாண்டதாக ஆய்வாளர் கணிக்கின்றனர். ஒரே வேதத்தை வாசிப்பவர்கள் முப்பது வருடம் ஒருவரை ஒருவர் வெட்டிக் கொண்டார்கள் என்பதை அறிந்தபோது, எங்கள் கோவில்களை இடித்தவர்களின் மனநிலை ஓரளவு விளங்கிற்று. தம்முள்ளே ஒருவர் தேவாலயத்தை மற்றவர் பறித்துக் கொண்டவர்கள், ஓலைக் கூரையின் கீழ் இருந்த எங்கள் பிள்ளையாரை விட்டுவைப்பார்களா? அவ்வருடம் ஸ்பானியா ஒல்லாந்தின் சுதந்திரத்தையும் ஏற்றுக் கொண்டது. எண்பது வருடப் போராட்டம் முடிந்தது. தன் விடுதலைக்கு எண்பது வருடம் போராடிய ஒல்லாந்து, பத்தாவது வருடம் யாழ்ப்பாணக் கோட்டையில் கொடியேற்றிற்று.

எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் ஏன்? வெள்ளி நாணயம், வரி, பீரங்கிப் போரின் செலவு என்று பல காரணம் சொல்வார்கள். அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் வானத்தையும் காட்டுகின்றார்கள். அந்த நூற்றாண்டில் பூமி வழமையை விடக் குளிர்ந்திருந்தது. மரங்களின் வளையங்களும் பழைய அறுவடைக் குறிப்புகளும் அதற்குச் சாட்சி. 1641 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் தீவில் ஒரு பெரிய எரிமலை வெடித்தது. 1645 முதல் சுமார் எழுபது வருடம் சூரியனில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே தென்பட்டன. ஜப்பானில் 1640 தொடக்கம் சில வருடம் கடும் பஞ்சம். குளிரால் மட்டும் சிம்மாசனம் விழாது என்பது என் அபிப்பிராயம். ஒரு போகம் பிழைத்தால் விவசாயி இரண்டாவது போகம் வரை தாங்குவான். போகம் பிழைத்த வருடத்திலும் வரிக்காரன் பழைய தொகையையே கேட்டு வந்து படலையில் நின்றால்தான் கத்தியை எடுப்பான்.

பாரத தேசத்திலே ஷாஜகான் தாஜ்மகால் கட்டிய காலம் இது. 1657இல் அவன் நோயுற்றதும் நான்கு மக்களும் முடிக்காக மோதினார்கள். யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போன அதே 1658இல் ஔரங்கசீப் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துத் தகப்பனை ஆக்ராக் கோட்டையில் அடைத்தான்.

அடியார்கள் கவனிக்க வேண்டியது தமிழகத்துச் செய்தி. விஜயநகரம் தளர்ந்துவிட்ட அக்காலத்தில் பீஜப்பூர்ச் சுல்தானின் படைகள் தெற்கே இறங்கிச் செஞ்சியைப் பிடித்தன. அந்த ஆபத்தில் சிதம்பரத்து நடராசப் பெருமானின் திருவுருவை 1648 டிசம்பர் மாதம் தில்லையை விட்டு எடுத்துச் சென்றார்கள். நாற்பது மாதம் குடுமியான்மலையிலும் பின்னர் மதுரையிலும் வைத்துப் பாதுகாத்தார்கள். 1686இல் பெருமான் மறுபடி தில்லைக்கு எழுந்தருளினார். முப்பத்தேழு ஆண்டு, பத்து மாதம், இருபது நாள் என்று நாட்கணக்கோடு செப்பேட்டில் எழுதி வைத்திருக்கின்றார்கள். பொன்னம்பலம் அத்தனை காலம் கூத்தன் இல்லாமல் இருந்தது என்பதை நான் அறுபது வயது கடந்த பின்புதான் அறிந்தேன். எங்கள் திருநெல்வேலி ஞானப்பிரகாசர், பசுவைக் கொடுக்கும்படி போர்த்துக்கேயர் முறை வைத்தபோது அதற்கு உடன்படாமல் கடல் கடந்து போய்ச் சிதம்பரத்தில் குளம் தொட்டார் என்பது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. பாதுகாப்பு என்று நாங்கள் ஓடிப்போன சிதம்பரத்துக்கே அந்நூற்றாண்டில் பாதுகாப்பு இருக்கவில்லை.

போர்ப் படைகள் மிதித்த தஞ்சை மண்ணில் 1659 முதல் 1661 வரை பஞ்சம் வந்தது. இதைச் சொல்லாமல் விடமுடியாது. பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை நாகபட்டினம் முதலான துறைகளில் ஒல்லாந்தக் கம்பனி அடிமைகளாக வாங்கி, ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றிற்று. நாகபட்டினம் அவர்கள் கைக்கு வந்ததும் 1658இல்தான். யாழ்ப்பாணத்துக்கும் அவர்களைக் கொண்டு வந்தார்கள். இன்று எங்கள் ஊர்களில் தலைமுறை எண்ணிப் பெருமை பேசுகின்றோம். அந்தக் கப்பலில் வந்து இறங்கிய பெண்ணின் பேரப்பிள்ளைகள் யார் என்று எவருக்கும் தெரியாது. நானாகவும் இருக்கலாம், இதை வாசிப்பவராகவும் இருக்கலாம்.

இனி எங்கள் வீட்டுக்குள் வந்த மாற்றங்களைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து கடல்வழியாக வந்த மிளகாய், அதற்குமுன் மிளகை நம்பியிருந்த எங்கள் கறிகளைச் சிவப்பாக்கிற்று. புகையிலையும் அவ்வழியே வந்து பின்னர் யாழ்ப்பாணத்தானின் காசுப்பயிராயிற்று. இருக்கும் கதிரை, எழுதும் மேசை, திறக்கும் சாவி, யன்னல், அலுமாரி, வாங்கு, பாண், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். நான் முப்பத்திரண்டு வருடம் போய்வந்த ‘கந்தோர்’ ஒல்லாந்தச் சொல். உறுதி முடிக்கும் ‘நொத்தாரிசு’ம் அவ்வாறே. கோவில் மண்டபத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஊசல் மணிக்கூட்டை முதலில் அமைத்தவரும் ஹைகன்ஸ் என்னும் ஒல்லாந்தரே, ஆண்டு 1656. ஐரோப்பாவிலோ 1650இல் லீப்சிக் நகரில் கிழமைக்கு ஆறு நாள் புதினப் பத்திரிகை அச்சாகத் தொடங்கிற்று. 1652இல் லண்டனில் கோப்பிக் கடை திறந்தது. பத்திரிகையும் கோப்பியும் ஒரே மேசைக்கு வந்தால் சனங்கள் அரசியல் பேசாமல் இருப்பார்களா?

எங்களைக் கூடுதலாக மாற்றியது புத்தகம் என்றே சொல்வேன். வாசிக்கும் புத்தகம் அல்ல, பதியும் புத்தகம். போர்த்துக்கேயர் காணிகளையும் வரிகளையும் பதியத் தொடங்கியதை ஒல்லாந்தர் தோம்பாகப் பெருக்கினார்கள். யார் காணி, எத்தனை பரப்பு, எத்தனை பனை, வீட்டில் யார் யார், என்ன சாதி, என்ன ஊழியம் எல்லாம் ஏட்டில் ஏறின. பிறப்பும் விவாகமும் தேவாலயப் பள்ளிக்கூடத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் சொத்துரிமைக்குச் சிக்கல். ஆகவே பகலில் தேவாலயத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, இரவில் வீட்டுக்குள் விளக்கேற்றினார்கள். விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறியாமல் கூரை இறப்பிலே செருகி மறைத்த வழக்கத்தை என் அப்பாச்சி காரணம் தெரியாமலே கடைசிவரை செய்து வந்தா. தோம்பில் ஒரு நன்மையும் உண்டு, ஒரு தீமையும் உண்டு. காணிச் சண்டைக்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஆனால் வாய்ப்பேச்சாக இருந்த சாதி, மையால் எழுதப்பட்டபோது கல்லாக இறுகிவிட்டது. எமது கோவிலிலேயே பின்னாளில் யார் எந்த வாசலால் வரலாம் என்று வழக்காடியவர்களும் பழைய பதிவைத்தான் காட்டினார்கள். அதை எழுதிய கை என்னைப் போன்ற ஒரு எழுதுவினைஞனின் கை.

இப்போது எமது ஆலயத்துக்கு வருகின்றேன். இம்மலரின் முன்பக்கத்தில் “ஸ்தாபிதம் 1621க்கு முன்” என்று அச்சிட வேண்டும் என மலர்க்குழுவில் சிலர் விரும்பினார்கள். அவர்களின் பக்தியை மதிக்கின்றேன். ஆனால் எம்மிடம் உள்ள மிகப் பழைய கடதாசி, ஆங்கிலேயர் காலத்து நொத்தாரிசு உறுதி ஒன்றின் பிரதி. அதற்கு முந்திய கணக்கும் ஏடும் 1995 ஐப்பசி மாதம் வரை கோவில் பெட்டகத்தில் இருந்தன. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு ஊரோடு தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது, எழுந்தருளி விக்கிரகத்தை ஐயர் சாக்கில் சுற்றித் தன் சைக்கிள் கரியரில் கட்டினார். மழை. கைதடிப் பாலத்தில் சைக்கிளை உருட்டவும் இடமில்லை. பெட்டகத்தை எடுக்க ஆளில்லை. “ரண்டு கிழமையிலை வந்திடுவம்” என்று நான்தான் சொன்னேன். ஆறேழு மாதத்தின் பின் திரும்பி வந்தபோது கோவில் இருந்தது, பெட்டகம் இல்லை. அந்தச் சொல்லுக்கு இன்றும் நான் பொறுப்பு.

நடராசப் பெருமானைக் கொண்டு சென்றவர்கள் நாட்கணக்கு எழுதி வைத்தார்கள். ஐயரின் சைக்கிளில் பிள்ளையார் எத்தனை நாள் எங்கெங்கே இருந்தார் என்பதை நாங்கள் எழுதவில்லை. முப்பது வருடம்கூடச் சரியாக ஆகவில்லை என்று நாட்களைத் தள்ளிப் போட்டு, ஐயரும் 2019இல் சிவபதம் அடைந்தார்.

ஆண்டு போடாமலே முன்பக்கத்தை அச்சிடுவதென்று கடைசியில் சபை ஏற்றுக் கொண்டது.

அறநெறி வகுப்பில் இவ்வளவையும் மூன்று ஞாயிறு எடுத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை கவனமாகக் குறிப்பெடுத்தாள். முடிவில் எழுந்து, “ஐயா, பிள்ளையாரைக் கிணத்துக்குள்ளை இறக்கின ஆக்களின்ரை பேர் தெரியுமோ?” என்றாள். தெரியாது என்று சொன்னேன். “அப்ப சைக்கிளிலை கொண்டுபோனதையாவது எழுதுங்கோவன்” என்றாள்.

ஆகையால் அடியார்களிடம் ஒரு வேண்டுகோள். 1995இலும் அதற்கு முன்பின்னும் ஆலயம் தொடர்பாக உங்கள் வீட்டில் இருக்கும் உறுதி, பற்றுச்சீட்டு, திருவிழா நோட்டீஸ், கடிதம், படம் எதுவானாலும், கிழிந்ததானாலும் கொண்டு வாருங்கள். படப்பிரதி எடுத்துக்கொண்டு அசலை உடனேயே கையில் தந்துவிடுவோம். எழுத்தில் இல்லாமல் நினைவில் மட்டும் இருப்பவர்கள் வந்து சொன்னால் நான் எழுதிக் கொள்கின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்த பின் பத்து மணி முதல் மடத்துத் திண்ணையில் இருப்பேன். அந்தப் பிள்ளையும் கொப்பியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.